அரசாங்கம் கைய எடுத்தப்புறம்தான் கொரியா பாட்டு வளந்துச்சு

"பிடிஎஸ்ஸ கொரியா அரசாங்கம்தான் கோடி கோடியா காசு கொட்டி உருவாக்குச்சு, நம்ம அரசாங்கம் நம்ம பிள்ளைங்களுக்கு என்ன செஞ்சுச்சு?" இந்தப் பேச்ச மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல இப்ப அடிக்கடி கேக்குறேன், பிடிஎஸ்ங்குறது தென் கொரியாவோட ஏழு பையன்கள் பாட்டுக் குழு. கோயில் திருவிழா மேடையில கேட்டேன், பொங்கல் விழாவுக்கு வந்த வைபி, அதாவது மக்கள் பிரதிநிதி, ஒருத்தர் மைக்க புடிச்சுக்கிட்டு இதையே சொன்னார், வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் வாய்ஸ் நோட் போட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டாவது பாதியில இருக்குற கேள்வி எனக்கும் உண்டு, அத கேட்டே ஆகணும். ஆனா முதல் பாதி தப்பு. தப்பான கதைய நம்பிக்கிட்டு போய் கேட்டோம்னா நமக்குக் கிடைக்குற உதவியும் தப்பாத்தான் இருக்கும், அதுதான் என் கவலை, அதனாலதான் இத இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

கொரியா மோகம் ஏதோ கோலாலம்பூர் பிள்ளைங்களோட விஷயம்னு நெனைக்காதீங்க. எங்க பாசார் மாலாம் இரவுச் சந்தையில அப்பம் விக்குற அக்கா கடைக்குப் பக்கத்துலயே தொக்போக்கின்னு கொரியா அரிசிப் பண்டம் விக்குறாங்க, அந்த நெருப்புக் காரமா இருக்குற கொரியா மீ நூடுல்ஸ் இல்லாத மளிகைக் கடையே இல்ல. எங்க அத்தை பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தவங்க, 'விண்டர் சோனாட்டா' நம்ம ஊரு டிவியில வந்தப்ப மலாய் சப்டைட்டில படிச்சுக்கிட்டே அழுதவங்க, அவங்களுக்கு மலாய் வேகமா படிக்க வந்ததே அந்த நாடகத்துனாலதான்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. இப்ப அக்கா மக ஹங்குல் எழுத்த யூடியூப் பாத்தே படிச்சுட்டா, தமிழ்ப்பள்ளியில படிக்குற பிள்ளை, நாலாவது மொழியா கொரியா மொழி. தோட்டத் தொழிலாளிங்க லயத்துல பொறந்த ஒரு குடும்பத்துக்குள்ள இவ்வளவு தூரத்துல இருந்து ஒரு நாட்டோட பாட்டும் சாப்பாடும் வந்து உக்காந்துருக்குன்னா அது எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. அதனால பல வருஷமா இதப் பத்தி கிடைச்சதெல்லாம் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

முதல்ல ஒன்ன சொல்லிடுறேன், கொரியா அரசாங்கம் ஒரு காலத்துல பாட்டு விஷயத்துல இன்னைக்கு இருக்குறத விட ரொம்ப அதிகமா தலையிட்டுச்சு. பார்க் சுங் ஹீ ஆட்சி, 1961-ல ராணுவப் புரட்சியில வந்து 1979-ல சுட்டுக் கொல்லப்படுற வரைக்கும் அவர்தான். அவர் காலத்துல போலீஸ்காரங்க ரோட்டுல கத்தரிக்கோல வச்சிக்கிட்டு நின்னு நீளமா முடி வச்ச பையன்களப் புடிச்சு வெட்டி விட்டாங்க, பொம்பளப் பிள்ளைங்க பாவாடை முட்டிக்கு எவ்வளவு மேல இருக்குன்னு ஸ்கேல் வச்சு அளந்தாங்க. 1975-ல நூத்துக்கணக்கான பாட்டுக்குத் தடை போட்டாங்க. ஷின் ஜுங் ஹ்யூன்னு ஒருத்தர், கொரியா ராக் இசைக்கு அப்பான்னே சொல்லுவாங்க, அவர அதிபரப் புகழ்ந்து ஒரு பாட்டு போடச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டார், அப்புறம் 1975-ல கஞ்சா கேஸ்ல புடிச்சு உள்ள வச்சு அந்த ஆட்சி முடியுற வரைக்கும் அவரு பாட்டு எங்கயும் வராம செஞ்சாங்க. அதோட நிக்கல, எந்தப் பாடகர் ரெக்கார்டு போட்டாலும் அதுல கடைசியா அரசாங்கத்துக்குப் புடிச்ச மாதிரி நாட்டுப்பற்று, உழைப்பு, நல்லொழுக்கம்னு ஒரு 'ஆரோக்கியமான' பாட்டு இருந்தே ஆகணும்னு வச்சாங்க, அவருக்கு அப்புறமும் அது தொடர்ந்துச்சு, 80-கள்ல வந்த காதல் பாட்டு ரெக்கார்ட எடுத்து கேட்டீங்கன்னா கடைசியில திடீர்னு அணிவகுப்புப் பாட்டு மாதிரி ஒன்னு வரும்.

அரசாங்கம் காசும் அதிகாரமும் போட்டு பாட்டு உருவாக்குனா உலகம் கேக்கும்னு நெனைக்குறவங்க இந்த இடத்துல கொஞ்சம் யோசிங்க. அந்த அணிவகுப்புப் பாட்டுல ஒன்னு கூட சுங்கை சிப்புட் வரைக்கும் வரல.

அப்புறம் எப்ப திரும்புச்சுன்னு பாத்தா 1996. அதுக்கு முந்தி வரைக்கும் ஒரு பாட்டு வெளிய வரணும்னா வரிகள அரசாங்கக் குழுகிட்ட காட்டி அனுமதி வாங்கணும். சோ தைஜின்னு ஒரு பையன், 1992-ல 'சோ தைஜி அண்ட் பாய்ஸ்'னு ரெண்டு பேர சேத்துக்கிட்டு ராப்பும் டான்ஸும் கலந்து வந்து நாட்டையே புரட்டிப் போட்டவன், 1995-ல அவன் நாலாவது ஆல்பத்துல ஒரு பாட்டோட வரிய மாத்தச் சொன்னாங்க. அவன் மாத்தல. வரியே இல்லாம, பாடுற குரலே இல்லாம வெறும் இசைய மட்டும் ஆல்பத்துல போட்டு விட்டான். ரசிகருங்க கொதிச்சுட்டாங்க. அவனுக்கு முன்னாலயே ஜோங் தே சுன்ங்குற நாட்டுப்புறப் பாடகர் அனுமதி வாங்காமலே ஆல்பம் போட்டு கோர்ட்டு கேஸ்னு பல வருஷம் தனியாப் போராடிக்கிட்டு இருந்தார். இந்த ரெண்டு பக்க அழுத்தமும் சேந்து 1996 ஜூன்ல பாட்டுக்கு முன்தணிக்கை எடுபட்டுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல அவங்க அரசியலமைப்பு நீதிமன்றம் சினிமாவுக்கும் முன்தணிக்கை சட்டவிரோதம்னு தீர்ப்பு குடுத்துச்சு. இத நான் அழுத்திச் சொல்றேன், காசு வர்றதுக்கு முன்னால இது நடந்துச்சு. பாடுறவன் வாயில இருந்து கைய எடுத்தாங்க. எஸ்எம் கம்பெனி 1995, ஒய்ஜி 1996, ஜேஒய்பி 1997, பாட்டுக் குழுக்கள உருவாக்குற மூணு பெரிய கம்பெனியும் அந்த ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளதான் ஆரம்பிச்சாங்க, அதுல ஒய்ஜிய ஆரம்பிச்சவரே சோ தைஜி கூட ஆடுன ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்.

இப்ப காசு கதைக்கு வருவோம், ஏன்னா அரசாங்கம் ஒன்னுமே செய்யலன்னு நான் சொல்ல வரல, செஞ்சது நெறைய. 1994-ல அதிபர் கிம் யங் சாம்கிட்ட அறிவியல் ஆலோசனைக் குழு ஒரு அறிக்கை குடுத்துச்சு, அதுல 'ஜுராசிக் பார்க்' படம் ஒன்னு சம்பாதிச்ச காசு 15 லட்சம் ஹூண்டாய் காடி (கார்) ஏத்துமதி பண்றதுக்குச் சமம்னு இருந்துச்சு. ஹூண்டாய்னா அவங்களுக்கு மானம் மரியாதை மாதிரி, நமக்கு புரோட்டோன் எப்படியோ அப்படி. ஒரு டைனோசர் படம் அத்தன காடிக்கு சமமான்னு அரசாங்கத்துல எல்லாரும் ஆடிப் போயிட்டாங்க, அந்த வருஷமே கலாச்சார அமைச்சுல கலாச்சாரத் தொழிலுக்குன்னு ஒரு தனிப் பிரிவு வந்துச்சு. சம்சுங் குடும்பத்துல இருந்து பிரிஞ்ச சிஜே கம்பெனி, சீனி மாவு வித்துக்கிட்டு இருந்தவங்க, 1995-ல ஸ்பீல்பெர்க்கோட டிரீம்வர்க்ஸ்ல 30 கோடி டாலர் போட்டாங்க. அவங்க சொந்தக் காசு அது. சிஜே பேர ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1997 நடுவுல இருந்து ஆசியா முழுக்க காசோட மதிப்பு விழுந்துச்சு. நம்ம ஊர்ல வெள்ளி, அதான் ரிங்கிட், எப்படி விழுந்துச்சுன்னு அந்தக் காலத்துல வேலைக்குப் போனவங்களுக்கு தெரியும், 1998 செப்டம்பர்ல ஒரு டாலருக்கு 3.80-ன்னு கட்டிப் போட்டு ஐஎம்எஃப்ங்குற அனைத்துலக நாணய நிதியத்தோட கடன் வேணாம்னு நாம நின்னோம். கொரியா ஐஎம்எஃப் கிட்ட போச்சு. அங்க சனங்க வரிசையில நின்னு கல்யாண மோதிரம், பிள்ளைக்கு முதல் பொறந்த நாளுக்குப் போட்ட தங்கம்னு கழட்டிக் குடுத்தாங்க, 200 டன்னுக்கு மேல சேந்துச்சு. தாலிக்கொடிய அடகுக் கடையில வைக்குறது என்ன வலின்னு நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியும், நாட்டுக்காக அத கழட்டிக் குடுத்தாங்கன்னு படிச்சப்ப எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த நேரத்துல, 1998 பிப்ரவரியில, அதிபரா வந்தவர் கிம் டே ஜுங்.

இவர் யாருன்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். ராணுவ ஆட்சிய எதிர்த்தவர், 1973-ல தோக்கியோ ஹோட்டல்ல இருந்து சொந்த நாட்டு உளவுத்துறையே கடத்திட்டுப் போன ஆள், 1980-ல தூக்குத் தண்டனை விதிச்சு வெளிநாட்டு அழுத்தத்துனால தப்பிச்சவர், 2000-ல நோபல் அமைதிப் பரிசு வாங்குனவர். அரசாங்கம் ஒரு மனுஷன் வாய அடைச்சா எப்படி இருக்கும்னு உடம்பால தெரிஞ்சவர். தன்ன 'கலாச்சார அதிபர்'னு சொல்லிக்கிட்டார். அவரு வச்ச கொள்கை ரொம்ப எளிமையானது: உதவி செய், தலையிடாதே. 1999-ல கலாச்சாரத் தொழில் வளர்ச்சிக்குன்னு அடிப்படைச் சட்டம் கொண்டு வந்தார், 2000-ல நாட்டு பட்ஜெட்ல கலாச்சாரத்துக்கு ஒதுக்குன பங்கு முதல் தடவையா 1 விழுக்காட்ட தாண்டுச்சு, 2001-ல கலாச்சார உள்ளடக்கத்துக்குன்னு தனி நிறுவனம், அதுதான் 2009-ல மத்த நிறுவனங்களோட சேந்து இன்னைக்கு கோக்கான்னு சொல்றது. நாடே கடன்ல இருக்குறப்ப இத செஞ்சார், அதுதான் பெரிய விஷயம்.

இன்னொன்னும் செஞ்சார், அது எனக்கு ரொம்ப புடிச்சது. 1998 அக்டோபர்ல இருந்து ஜப்பான் படம், காமிக்ஸ், பாட்டுன்னு படிப்படியா உள்ள விட ஆரம்பிச்சாங்க. ஜப்பான் அவங்கள 1910-ல இருந்து 1945 வரைக்கும் ஆண்டு மொழியவே அழிக்கப் பாத்த நாடு, அதனால விடுதலைக்கு அப்புறம் அரை நூற்றாண்டா ஜப்பான் பாட்டுக்கும் படத்துக்கும் தடை. தொறந்து விட்டா நம்ம பிள்ளைங்க முழுங்கப்பட்டுருவாங்கன்னு எல்லாரும் கத்துனாங்க. நடந்தது வேற, 2003-ல ஜப்பானோட என்எச்கே டிவியில 'விண்டர் சோனாட்டா' ஓடி ஜப்பான் அம்மாமாருங்க கூட்டம் கூட்டமா கொரியாவுக்கு விமானம் ஏறுனாங்க.

காசு எங்க போச்சுன்னா பெரும்பாலும் யாரு என்ன பாடணும்ங்குறதுக்குள்ள போகல. இன்டர்நெட்டுக்கு போச்சு, 2000-த்தோட தொடக்கத்துலயே பிராட்பேண்ட் வீடு வீடா இருந்த நாடுகள்ல உலகத்துலயே முன்னால கொரியாதான். வெளிநாட்டு டிவி சந்தையில கடை போட இடம், சப்டைட்டில் செலவு, பயிற்சி, ஸ்டூடியோ, சின்னக் கம்பெனிக்கு முதலீடு, இப்படித்தான். பாட்டு யாரு எழுதுறது, எந்தப் பையன் ஆடுறது, இது எல்லாம் கம்பெனிக்காரங்க சொந்த ரிஸ்க். பிடிஎஸ் கம்பெனி பிக் ஹிட் 2005-ல ஆரம்பிச்சது, மூணு பெரிய கம்பெனிக்கு முன்னால அது ஒன்னுமில்ல, 2013 ஜூன்ல பையன்கள இறக்குனப்ப பெரிய டிவி நிகழ்ச்சியில இடம் கிடைக்குறதே கஷ்டமா இருந்துச்சு. அவங்க யூடியூப்லயும் டுவிட்டர்லயும் தாங்களே வீடியோ போட்டு ரசிகர்கள சேத்தாங்க. அரசாங்கம் அவங்களுக்கு பதக்கம் குத்துனது 2018-ல, ஜெயிச்சதுக்கு அப்புறம். ஐநாவுக்கு அதிபரோட சிறப்புத் தூதரா கூட்டிட்டுப் போனது 2021-ல. உருவாக்குனவங்க யாரு, வந்து போட்டோ புடிச்சுக்கிட்டவங்க யாருன்னு தேதிய வரிசையா வச்சுப் பாத்தாலே தெரிஞ்சுரும். ராணுவ சேவையில கூட விலக்கு குடுக்கல, 2020 கடைசியில சட்டத்த திருத்தி 30 வயசு வரைக்கும் தள்ளிப் போடலாம்னு மட்டும் சொன்னாங்க, 2022 டிசம்பர்ல மூத்தவர் ஜின் முடிய மழிச்சுக்கிட்டு போய் சேந்தார். அக்கா மக அன்னைக்கு சாப்பிடல.

சரி, அரசாங்கம் உண்மையிலயே நல்லா செஞ்சது எது? என்னக் கேட்டா சட்டம்தான். காச விட சட்டம். இதப் பத்தி நம்ம மேடைகள்ல யாரும் பேசுறது இல்ல, அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசுறேன்.

சினிமாவுக்கு அங்க ஒரு ஒதுக்கீடு உண்டு, 1960-கள்லயே வந்தது, ஒவ்வொரு தியேட்டரும் வருஷத்துல இத்தன நாள் உள்ளூர்ப் படம் ஓட்டியே ஆகணும், ரொம்ப நாளா அது 146 நாளா இருந்துச்சு. அமெரிக்கா அத குறைக்கச் சொல்லி வர்த்தகப் பேச்சுவார்த்தையில அழுத்தம் குடுத்துக்கிட்டே இருந்துச்சு. 1999-ல சினிமாக்காரங்க, பெரிய பெரிய இயக்குநருங்க உட்பட, ரோட்டுல உக்காந்து மொட்டை அடிச்சுக்கிட்டாங்க. நாம பழனிக்கும் பத்துமலைக்கும் வேண்டிக்கிட்டு மொட்டை அடிப்போம், அவங்க தங்க சினிமாவுக்காக மொட்டை அடிச்சாங்க. கடைசியில 2006-ல 73 நாளா குறைஞ்சுச்சு, ஆனா அதுக்குள்ள உள்ளூர் சினிமா சொந்தக் காலுல நின்னுருச்சு.

அடுத்தது ஒப்பந்தம். 2009-ல டிவிஎக்ஸ்க்யூ குழுவுல மூணு பேர் 13 வருஷ ஒப்பந்தம் அடிமைத்தனம்னு கம்பெனி மேல கேஸ் போட்டாங்க. அதே வருஷம் அங்க வணிக ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தத்த வெளியிட்டுச்சு, ஒரு கலைஞன கம்பெனி 7 வருஷத்துக்கு மேல கட்டிப் போடக்கூடாதுன்னு அதுல இருந்துச்சு. இன்னைக்கு கேபாப்ங்குற கொரியா பாட்டுக் குழுவெல்லாம் ஏழாவது வருஷம் வந்தா பிரிவாங்களா நீடிப்பாங்களான்னு ரசிகருங்க பயப்படுறாங்களே, அந்த ஏழு அங்க இருந்து வந்ததுதான். 2014-ல இன்னொரு சட்டம், 15 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைய வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல கூடாது. இதெல்லாம் முழுசா கடைப்பிடிக்குறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்க படுற பாடு, சாப்பாட்ட குறைச்சு உடம்ப வாட்டுறது, மன அழுத்தம், உசுர விட்ட இளம் கலைஞருங்க, எல்லாம் நமக்குத் தெரியும், அத மறைச்சுட்டு கொரியாவ சொர்க்கம்னு சொல்ல முடியாது. ஆனா கேஸ் போடுறதுக்கு கையில ஒரு சட்டம் இருக்கு பாருங்க.

எங்க டவுன்ல ஒரு பையன், நல்லா ராப் பண்ணுவான், அப்பா செம்பனைத் தோட்டத்துல லோரி ஓட்டுறவர். ஒரு இசைக் கம்பெனி குடுத்த தாள்ல படிக்காம கையெழுத்துப் போட்டான், மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருந்த தாள், இப்ப அவன் எழுதுன பாட்டு அவனுக்குச் சொந்தம் இல்ல, அவன் பாட்ட அவனே கல்யாண வீட்டுல பாடுறதுக்குப் பயப்படுறான். அவனுக்கு மானியம் கிடைச்சிருந்தா கூட அந்தத் தாள்லதான் போயிருக்கும். தமிழ்ல எழுதுன ஒரு மாதிரி ஒப்பந்தம், அதுல எத்தன வருஷம், உரிமை யாருக்கு, காசு எப்ப வரும்னு தெளிவா இருந்தா, அத அச்சடிக்க எவ்வளவு ஆகப் போகுது?

இப்ப அரசாங்கம் திரும்ப கைய உள்ள விட்டப்ப என்ன ஆச்சுன்னும் சொல்லணும். பார்க் சுங் ஹீ மக பார்க் கன் ஹே 2013-ல அதிபரானாங்க. 2014-ல செவோல் கப்பல் மூழ்கி 300-க்கு மேல செத்தாங்க, பாதிக்கு மேல பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அதப் பத்தி ஒரு ஆவணப்படத்த பூசான் திரைப்பட விழாவுல காட்டக்கூடாதுன்னு நகராட்சி சொல்லுச்சு, விழாக்காரங்க காட்டுனாங்க, அடுத்த வருஷம் விழாவுக்கு வர்ற அரசாங்கக் காசு ஏறக்குறைய பாதியாயிருச்சு. 2016-ல அதவிடப் பெருசா ஒன்னு வெளிய வந்துச்சு: அரசாங்கத்த விமர்சிச்ச கலைஞருங்க 9,000 பேருக்கு மேல இருந்த கருப்புப் பட்டியல், இவங்களுக்கு உதவிப்பணம் குடுக்காதேன்னு. அதுல இயக்குநர் போங் ஜூன் ஹோ பேரும் இருந்துச்சு, நடிகர் சோங் காங் ஹோ பேரும் இருந்துச்சு. நான் முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்ன சிஜே கம்பெனி, அதுல துணைத் தலைவர் மிக்கி லீய பதவியில இருந்து இறங்கச் சொல்லி அதிபர் மாளிகையில இருந்தே அழுத்தம் வந்துச்சு, அந்த அம்மா 2014-ல அமெரிக்காவுக்குப் போயிட்டாங்க.

அப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா, லட்சக்கணக்கான சனங்க மெழுகுவத்திய ஏத்திக்கிட்டு வாரா வாரம் ரோட்டுல நின்னாங்க, 2017 மார்ச்சுல அதிபர் பதவி போச்சு, பட்டியல் போட்ட தலைமைச் செயலாளரும் கலாச்சார அமைச்சரும் ஜெயிலுக்குப் போனாங்க. 2020 பிப்ரவரியில 'பாரசைட்' நாலு ஆஸ்கார் வாங்குச்சு, இங்கிலீஷ் இல்லாத ஒரு படம் சிறந்த படம்னு வாங்குனது அதுதான் முதல் தடவை. இயக்குனது போங் ஜூன் ஹோ, நடிச்சது சோங் காங் ஹோ, காசு போட்டது சிஜே, மேடையில மைக்க புடிச்சு பேசுனது மிக்கி லீ. அரசாங்கம் வேணாம்னு எழுதி வச்ச அதே ஆளுங்க. இத படிக்குற ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

இந்த வரலாற்றுல இன்னும் பல துண்டு இருக்கு, எல்லைக்கோட்டுல ஒலிபெருக்கி வச்சு வட கொரியா பக்கம் கேபாப் போட்டது, 2016-ல அமெரிக்காவோட ஏவுகணைத் தடுப்பு அமைப்பு வைக்க தென் கொரியா ஒத்துக்கிட்டதுனால சீனா கொரியா நாடகத்தையும் கச்சேரியையும் நிறுத்துனது. அதெல்லாம் அரசாங்கங்க தங்களுக்குள்ள போட்டுக்கிற சண்டை, கலைஞருங்க நடுவுல மாட்டுனவங்க. 'ஸ்குவிட் கேம்' கதைய 2009 வாக்குல எழுதி வச்சிக்கிட்டு பத்து வருஷம் அலைஞ்சாரு அதோட இயக்குநர், கடைசியில காசு போட்டது அமெரிக்கக் கம்பெனி, லாபத்துல பெரும் பங்கும் அங்கதான் போச்சு. அரசாங்கம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமா ரோடு போட்டாலும் அதுல யாரு லோரி ஓடும்ங்குறது அவங்க கையில இல்ல.

நம்ம நாட்டுக்கு வர்றேன். இங்கயும் அரசாங்கம் கலைக்கு ஒன்னும் செய்யலன்னு சொல்ல முடியாது. 1971-ல தேசிய பண்பாட்டு மாநாடு நடந்துச்சு, 1981-ல ஃபினாஸ்ங்குற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் வந்துச்சு, தியேட்டர்ல உள்ளூர்ப் படம் கட்டாயம் ஓட்டணும்னு விதி கூட நம்மகிட்ட உண்டு. ஆனா நம்ம ஆரம்பமே வேற மாதிரி, தேசியப் பண்பாடுன்னா எதுன்னு முதல்ல வரையறுத்துட்டு அதுக்குள்ள யாரு பொருந்துறாங்கன்னு பாக்குறது. 2016-ல 28-வது மலேசியத் திரைப்பட விழா ஞாபகம் இருக்கா? மலாய் மொழிப் படத்துக்கு ஒரு பிரிவு, மத்த மொழிப் படத்துக்கு வேற பிரிவுன்னு பிரிச்சாங்க. மலாய் கலைஞருங்களே எதிர்த்தாங்க, மூத்த ஒளிப்பதிவாளர் ஒருத்தர் தன் பழைய விருதுகளத் திருப்பிக் குடுக்குறேன்னார். அப்புறம் பெரிய விருதுக்கு மொழிப் பிரிவினைய எடுத்தாங்க, எடுத்த அந்த வருஷம் சிறந்த மலேசியப் படம்னு ஜெயிச்சது 'ஜகாட்', தோட்டத்துல இருந்து வெளியேத்தப்பட்ட நம்ம சனங்க கதை, தமிழ்ல பேசுற படம். அதப் பாக்க எங்க தாமான்ல இருந்து வேன் புடிச்சு ஈப்போவுக்குப் போனோம், எங்க அத்தை பாதிப் படம் வரைக்கும் திரையில இருக்குற லயத்து வாசல காட்டிக்காட்டி பேசிக்கிட்டே இருந்தாங்க, யாரும் அவங்கள சும்மா இருங்கன்னு சொல்லல. வேலிய எடுத்தவுடனே ஜெயிச்சுது. கூடுதல் காசு ஒரு சென் கூட தேவைப்படல அதுக்கு.

மலேசிய அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் பொறந்த ஊர் எங்க ஊர், அதனால இதையும் சொல்றேன். வெள்ளைக்காரன் தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டுப் போனப்ப அவரு தோட்டம் தோட்டமா ஏறி எறங்கி, தொழிலாளிங்க கூலியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா சேத்து, அந்தத் தோட்டங்கள வாங்குறதுக்காக 1960-ல தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சார். காசு சனங்களுது, சட்டமும் பதிவும் நிர்வாகமும் பின்னால நின்னுச்சு. கொரியாக்காரங்க சங்கதிய படிக்குறப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வருது, ஏன்னா நம்மளும் இத ஒரு தடவை செஞ்சவங்கதான். தமிழ் ராப்ப சென்னைக்காரங்களுக்கு கொண்டு போய்க் காட்டுன யோகி பி நம்ம நாட்டு ஆளுதான, திறமை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

அதனால மேடையில பேசுற அண்ணன்மாருங்களுக்கும் வைபிக்கும் நான் சொல்றது, "கொரியா மாதிரி காசு குடு"ன்னு மொட்டையா கேக்காதீங்க. அப்படிக் கேட்டா என்ன வரும்னு நமக்குத் தெரியும், ஒரு பெரிய கலைவிழா வரும், பேனர்ல நாலு தலைவருங்க மூஞ்சி இருக்கும், பிள்ளைங்க ரெண்டு நிமிஷம் ஆடுவாங்க, வரவேற்புரை நாப்பது நிமிஷம் போகும், அந்தக் காசு அன்னைக்கே முடிஞ்சுரும். கேக்குறதா இருந்தா இப்படிக் கேளுங்க: உதவிப்பண பாரத்துல தமிழ்லயும் எழுதலாம்னு வைங்க, யாரு தேர்ந்தெடுக்குறாங்க எதுக்கு தேர்ந்தெடுக்குறாங்கன்னு வெளியில போடுங்க, அந்தக் குழுவுல கட்சிக்காரங்க இல்லாம பாட்டுப் போட்டவங்க படம் எடுத்தவங்க உக்காரட்டும், கதையில என்ன இருக்கணும்னு சொல்லாதீங்க, ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரித் தாள் குடுங்க. தோட்டத்துப் பக்கம் இன்டர்நெட் லைன நல்லா இழுத்து விடுங்க, மழை பேஞ்சா லைன் போற இடத்துல உக்காந்துக்கிட்டு எந்தப் பிள்ளை வீடியோ ஏத்தும்?

எங்க தாமான்ல ஒரு டேவான், அதான் பொது மண்டபம், இருக்கு, நல்ல டேவான், ஃபேன் லைட் எல்லாம் வேலை செய்யும், தேர்தல் சமயத்துலயும் கல்யாணத்துக்கும்தான் தொறப்பாங்க. ஸ்கூல் முடிஞ்சு ஆடிப் பழகுற பிள்ளைங்க மினி மார்க்கெட்டு கண்ணாடி முன்னால நின்னு ஆடுறாங்க, கடைக்காரர் நல்ல மனுஷன், விரட்டுறது இல்ல. அடுத்த கூட்டத்துல நாங்க கேக்கப் போறது அந்த டேவான சாயங்காலம் ஆறு மணியில இருந்து ஒன்பது மணி வரைக்கும் தொறந்து விடுங்க, ஒரு சுவத்துக்கு கண்ணாடி நாங்களே காசு சேத்து மாட்டிக்குறோம், பிள்ளைங்க என்ன பாட்டுக்கு ஆடுறாங்கன்னு யாரும் வந்து கேக்கக்கூடாது, அவ்வளவுதான். கடிதம் எழுதியாச்சு, மலாய்லயும் தமிழ்லயும். கையெழுத்துப் போட வர்றவங்க வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு வாங்க, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, அவங்களும் போடட்டும்.